விதியின் மேல் பாரத்தைப் போடாதீர்கள்

2023 ஆகஸ்ட் 5, சனிக்கிழமை. இருங்காட்டுக்கோட்டை மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்டில் தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத் தொடரின் மூன்றாம் சுற்று. புதியவர்களுக்கான ரூக்கி பிரிவுப் பந்தயம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, முதல் வளைவை விட்டு வெளியே வரும் இடத்தில் பெங்களூரைச் சேர்ந்த கொப்பரம் ஷ்ரேயஸ் ஹரீஷ் விழுந்தான். தலையில் பலத்த அடி. ரெட் ஃப்ளாக் காட்டிப் பந்தயத்தை நிறுத்தினார்கள். தயாராக நின்ற ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை. அந்த ஆண்டு தொடர்ந்து நான்கு பந்தயங்களை வென்றிருந்த பிள்ளை. வயது 13. பிறந்தநாள் முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

அதே டிராக்கில், அதே ஆண்டு ஜனவரி 8 அன்று, கார் பந்தயத்தில் 59 வயது கே.இ. குமார் இறந்திருந்தார். பழுத்த அனுபவசாலி, பந்தயத்தை நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ஆயுள் உறுப்பினர். ஏழு மாதத்துக்குள் ஒரே இடத்தில் இரண்டு சாவு.

இரண்டு முறையும் பேசிய பேச்சு ஒன்றுதான். “ரேஸ் என்றாலே ஆபத்துதான். தெரிந்துதான் இறங்குகிறார்கள். பிடித்ததைச் செய்துகொண்டே போய்ச் சேர்ந்தான், அதுவும் ஒரு கொடுப்பினை. சின்ன வயதில் ஆரம்பிக்காவிட்டால் உலக அளவுக்குப் போக முடியாது. ரோட்டில் சாவதைவிட டிராக்கில் ஓட்டுவது மேல். துக்க வீட்டில் கணக்குக் கேட்காதீர்கள்.” டீக்கடையில் ஆரம்பித்து, விளையாட்டுப் பக்கத்தில் எழுதுகிறவர்கள்வரை இதையேதான் வேறு வேறு வார்த்தைகளில் சொன்னார்கள்.

இப்படிச் சொல்கிறவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பெரும்பாலானவர்கள் பந்தயத்தை உயிராக நேசிப்பவர்கள். அவர்கள் பக்கம் உண்மையும் உண்டு. ஆபத்தே இல்லாத ரேஸ் கிடையாது. டிராக்கில் டாக்டர் இருக்கிறார், மார்ஷல் இருக்கிறார், எதிரே லாரி வராது. நெடுஞ்சாலையில் இவை எதுவும் இல்லை. பைக் பந்தய வீரர் மார்க் மார்க்கேஸ் 17 வயதில் உலக அளவில் பந்தயம் வென்றார் என்றால், பல்லு விழுந்து முளைக்கும் வயதிலேயே அவர் வண்டி ஏறியிருந்தார். இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்ட பிறகும் அவர்களுடைய முடிவு தவறு என்பதே என் வழக்கு.

கும்மிடிப்பூண்டியில் உட்கார்ந்துகொண்டு உனக்கென்ன ரேஸ் என்று கேட்கலாம். சென்னை ரேஸின் பழைய வீடே எங்கள் திருவள்ளூர் மாவட்டம்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளமான சோழவரத்தில்தான் பல பத்தாண்டுகள் கார்களும் பைக்குகளும் சீறின. விஜய் மல்லையா ஃபார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து ஓட்டியதும் அங்கேதான். ராலிக்காரர்கள் வருடக்கணக்காக ஓட்டிய மிட்சுபிஷி சீடியா திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் பூட்டிய வண்டி. இன்னொரு காரணமும் இருக்கிறது, அது ரோலிங் மில் சம்பந்தப்பட்டது. கடைசியில் வருகிறேன்.

1. ஆபத்து பிறவிக்குணம் என்றால், அது எப்படி வருஷத்துக்கு வருஷம் குறைந்தது?

“விளையாட்டின் இயல்பு” என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது என்று நினைக்கிறார்கள். 1966இல் பெல்ஜியத்தின் ஸ்பா டிராக்கில் மழையில் சறுக்கி விழுந்து, நசுங்கிய காருக்குள் பெட்ரோலில் நனைந்தபடி மாட்டிக்கொண்டார் ஜாக்கி ஸ்டூவர்ட். வெளியே எடுக்க மார்ஷல்களிடம் கருவி இல்லை. சக ஓட்டுநர்கள் எடுத்தார்கள். அதன் பிறகு பாதுகாப்பு வேலி, மருத்துவ வசதி என்று கேட்கத் தொடங்கியவரைக் கோழை என்றார்கள். ரேஸின் அழகைக் கெடுக்கிறான் என்றார்கள். அன்று அவருக்குச் சொன்ன பதிலும் இதே “இயல்பு”தான்.

1994இல் இமோலாவில் அடுத்தடுத்த இரண்டு நாளில் ராட்சன்பெர்கரும் அயர்டன் சென்னாவும் இறந்தார்கள். டிராக்குகளைத் திருத்தினார்கள், கார்களைத் திருத்தினார்கள். அதன் பிறகு ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டுநர் உயிரைப் பறித்த அடுத்த விபத்து நடக்க இருபது வருஷம் ஆனது: 2014 அக்டோபர் 5, ஜப்பானின் சுசுகா, ஜூல்ஸ் பியாங்கி. மழையில் வழுக்கிய கார், வேறொரு காரைத் தூக்க வந்திருந்த கிரேனில் மோதியது. ஒன்பது மாதம் கோமாவில் கிடந்து 25 வயதில் இறந்தார். கார் பந்தயத்தின் சர்வதேச அமைப்பு 10 பேர் குழு போட்டு 396 பக்க அறிக்கை வாங்கியது. பியாங்கி வேகத்தைப் போதுமான அளவு குறைக்கவில்லை என்று அந்த அறிக்கை ஓட்டுநர் மேலும் பழி சொன்னது. குடும்பம் அதை ஏற்காமல் வழக்குக்குப் போனது. கவனியுங்கள்: ஓட்டுநர் தப்பு என்று எழுதிய பிறகும் விதியை மாற்றினார்கள். விபத்து நேரத்தில் எல்லாக் கார்களும் கட்டாயமாக வேகம் குறைக்கும் ஏற்பாடு அடுத்த ஆண்டே வந்தது. மனிதன் தப்புச் செய்வான், அந்தத் தப்புக்குத் தண்டனை சாவாக இருக்கக் கூடாது என்பதுதான் பாதுகாப்பின் முழு அர்த்தம்.

2018இல் தலைக்கு மேல் ஹாலோ என்ற வளையம் கட்டாயமானது. அசிங்கமாக இருக்கிறது என்று திட்டாதவர் குறைவு. ரொமேன் குரோஷான் என்ற ஓட்டுநரும் எதிர்த்தார். 2020 நவம்பர் 29, பஹ்ரைன். அதே குரோஷானின் கார் இரும்பு வேலியைக் கிழித்து, இரண்டு துண்டாகி, தீப்பிழம்பானது. அரை நிமிடத்துக்குள் அவர் கையில் தீக்காயத்தோடு ஏறி வெளியே வந்தார். விதி அன்றும் அங்கே நின்றுகொண்டுதான் இருந்தது. நடுவில் ஒரு டைட்டானியம் வளையம் இருந்தது.

நம் ஊர்க்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் துபாய் பயிற்சி ஓட்டத்தில் அஜித் குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. அவர் நடந்து வெளியே வந்தார். ‘தல கெத்து’ என்று ஊரே ஸ்டேட்டஸ் வைத்தது. அவரைக் காப்பாற்றியது ரோல் கேஜும், உடம்பை இறுக்கிப் பிடித்த பெல்ட்டும், கழுத்து முறியாமல் தாங்கும் ஹான்ஸ் கருவியும், அங்கே இருந்த தடுப்பும். ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவரின் சாவும், அந்தச் சாவை ‘இயல்பு’ என்று விட்டுவிடாத சில பிடிவாதக்காரர்களும் இருக்கிறார்கள்.

சோழவரத்து நினைவில் உருகும் பெரியவர்களுக்கும் இதையே சொல்வேன். 1990இல் கிளப் ஓடுதளத்தை விட்டுவிட்டு, பந்தயத்துக்கென்றே கட்டிய இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போனது. ஆபத்தை மாற்ற முடியாது என்றால் அங்கே ஓடி நிற்க இடம் எதற்கு, டயர்ச் சுவர் எதற்கு?

2. தெரிந்துதான் இறங்கினான் என்கிறீர்கள். யார்? பதின்மூன்று வயதா?

நம் நாட்டில் 18 வயது ஆகாதவர் போட்ட ஒப்பந்தம் செல்லாது. 50 சிசிக்கு உட்பட்ட வண்டியைக்கூட 16 வயதுக்கு முன் ரோட்டில் ஓட்டக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிறுவன் எங்கள் ஊர் ஜி.என்.டி. சாலையில் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் அப்பனுக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 3 வருஷம்வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். டிராக் பொதுச் சாலை இல்லை என்பதால் அந்தச் சட்டம் கேட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறது. ரோட்டில் ஸ்கூட்டி ஓட்ட முடியாத பிள்ளை, கேட்டுக்கு உள்ளே 200 சிசி வண்டியில் கிரிட்டில் நின்றான். இதில் ‘தெரிந்து’ என்பது எங்கே இருக்கிறது? அந்தப் பிள்ளைக்குத் தைரியம் இருந்தது, திறமை இருந்தது, ஆசை இருந்தது. சாவு என்றால் என்ன என்று எடைபோடும் வயது இல்லை. அதற்காகத்தான் பெரியவர்கள் என்று சிலரை வைத்திருக்கிறோம்.

பெற்றோர் கையெழுத்துப் போட்டார்களே என்பார்கள். அந்தக் குடும்பத்தை நோக்கி விரல் நீட்ட எனக்கு மனமில்லை, உரிமையும் இல்லை. பந்தயம் நடத்துகிறவர்கள் பாதுகாப்பு என்றால் பாதுகாப்பு என்று நம்புவதைத் தவிர ஒரு தகப்பனுக்கு வேறு வழி கிடையாது. அந்த நம்பிக்கையைத்தான் பிறகு ‘சம்மதம்’ என்று பெயர் மாற்றிக் காட்டுகிறார்கள்.

59 வயது குமாரின் சம்மதம் வேறு வகை. அவர் முழு அறிவோடு காரில் ஏறியவர். ஆனால் பந்தயம் ஓட்டச் சம்மதித்தவர், ஏற்பாட்டில் இருக்கக்கூடிய எல்லாக் குறைக்கும் சேர்த்துச் சம்மதித்தவர் ஆகமாட்டார். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டவர், கழுவாத கத்திக்கும் சேர்த்தா போட்டார்?

கையெழுத்தே போடாதவர்கள் கதை ஒன்று உண்டு. 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் தேசிய ராலி நடந்த பாதைக்குள் மோட்டார் சைக்கிளில் ஒரு குடும்பம் வந்துவிட்டது. ராலி கார் மோதி அப்பா, அம்மா, மகன் மூவரும் இறந்தார்கள். கார் ஓடும் தடத்துக்குள் அந்த ஊர் ஆட்கள் வர முடிந்தது என்றால் தடத்தை அடைத்த லட்சணம் என்ன? ‘தெரிந்துதான் இறங்குகிறார்கள்’ என்ற வாதத்தை அந்த ஊரில் போய்ச் சொல்லிப் பாருங்கள். டிராக் ஓரத்தில் நிற்கும் மார்ஷல்களிடமும் சொல்லிப் பாருங்கள்: 2000இல் மோன்சாவிலும் 2001இல் மெல்பர்னிலும் பறந்துவந்த சக்கரத்தால் செத்தவர்கள் அவர்கள்தான்.

3. சின்ன வயதில் ஆரம்பிக்க வேண்டும். சரி, எதில்?

எதிர்த்தரப்பின் பலமான வாதம் இது. ஆகவே இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2021ஆம் ஆண்டு பைக் பந்தய உலகம் அடுத்தடுத்து மூன்று பிள்ளைகளைப் புதைத்தது. மே மாதம் இத்தாலியின் முஜெல்லோவில் ஜேசன் டுபாஸ்கியே, 19 வயது. ஜூலையில் ஸ்பெயினின் அரகோனில் ஹ்யூகோ மில்லான், 14 வயது. செப்டம்பரில் ஹெரெஸில் டீன் பெர்டா வின்யாலெஸ், 15 வயது. மூவருமே கீழே விழுந்த பிறகு பின்னால் வந்த வண்டிகள் இடித்து இறந்தவர்கள்.

இதற்குக் காரணம் அந்தப் பந்தயங்களின் அமைப்பிலேயே இருந்தது. சிறுவர் பிரிவுகளில் எல்லா வண்டிக்கும் கிட்டத்தட்ட ஒரே சக்தி. யாரும் யாரையும் விட்டுப் பிரிய முடியாது. முன்னே போகிறவரின் காற்றுமறைவில் ஒட்டிக்கொண்டு, இருபது வண்டி ஒரு கொத்தாக வளைவுக்குள் நுழையும். நடுவில் ஒருவன் விழுந்தால் பின்னால் வருகிறவனுக்குத் திருப்ப இடமும் இல்லை, நேரமும் இல்லை. லெதர் சூட்டும் ஹெல்மெட்டும் தரையில் உராய்வதையும் தரையில் மோதுவதையும் தாங்கச் செய்தவை. மேலே ஏறும் நூறு சொச்சம் கிலோ வண்டியைத் தாங்கச் செய்தவை அல்ல. நல்ல கருவி போட்டிருந்தார்கள் என்ற பதில் இங்கே பாதிப் பதில்தான்.

சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு அந்த ஆண்டே அறிவித்தது: 2023 முதல் உலக சாம்பியன்ஷிப் பிரிவுகளுக்கு, ஒருசில விலக்கு போக, குறைந்தபட்ச வயது 18. ஐரோப்பிய டேலண்ட் கப்புக்கு 14. கிரிட்டில் நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு. பைக் ரேஸின் கோட்டைகளான ஸ்பெயினும் இத்தாலியும் இதைக் கேட்டு அழிந்துபோகவில்லை.

அப்படியானால் 13 வயதுப் பிள்ளை என்ன செய்வான்? அதற்கும் பதில் இருந்தது. 10 முதல் 14 வயதுக்காரர்களுக்கென்று மினி ஜி.பி. என்ற தொடர் உண்டு. சின்னச் சக்கரம், 160 சிசி, கார்ட் டிராக், குறைந்த வேகம். இந்தியாவிலும் 2022இல் வந்துவிட்டது. ஷ்ரேயஸே ஸ்பெயினில் போய் மினி ஜி.பி. ஓட்டியவன். சின்ன வண்டியிலும் எலும்பு முறியும், உயிரும் போகலாம். ஆனால் வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. இது பள்ளிக்கூடப் பாடம். சீக்கிரம் ஆரம்பிப்பது ஒன்று, சீக்கிரம் பெரிய டிராக்கில் ஏற்றிவிடுவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து ‘மார்க்கேஸைப் பார்’ என்பது ஏமாற்று.

4. ரோட்டுக் கணக்கை எதற்கு இழுக்கிறீர்கள்?

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். 2023இல் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் இரண்டு பேர். அதனால் டிராக் பாதுகாப்பானதாம். கோடிக்கணக்கானவர்கள் தினமும் ஓட்டும் இடத்தையும், சில நூறு பேர் வருஷத்தில் சில வார இறுதிகள் ஓட்டும் இடத்தையும் வெறும் எண்ணிக்கையில் ஒப்பிடுவது கணக்கே இல்லை. ரோடு மோசம் என்பது டிராக்குக்கு நற்சான்றும் ஆகாது.

5. தடை செய்துவிடலாம் என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை.

1955இல் லெ மான்ஸில் பார்வையாளர்கள் எண்பதுக்கும் மேல் இறந்ததும் சுவிட்சர்லாந்து டிராக் ரேஸையே தடை செய்தது. நம் ஊரில் அப்படிச் செய்தால் ஈ.சி.ஆரிலும் ஜி.என்.டி. சாலையிலும் நள்ளிரவு ரேஸ் இரண்டு மடங்காகும், அவ்வளவுதான். இது பணக்காரன் விளையாட்டு, செத்தால் நமக்கென்ன என்ற குரலும் இதில் கலந்திருக்கிறது. கார் பந்தயத்துக்கு அது ஓரளவு பொருந்தலாம். பைக் பந்தயத்துக்குப் பொருந்தாது; மெக்கானிக் ஷெட்டிலிருந்து வந்து கிரிட்டில் நிற்கும் பையன்களை இந்தப் பக்கத்திலேயே காட்டலாம்.

6. துக்க வீட்டில் கேட்கக் கூடாது என்றால், எந்த வீட்டில் கேட்பது?

இப்போது ரோலிங் மில்லுக்கு வருகிறேன். எங்கள் ஊர் சிப்காட் தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் மில்லில் பழுக்கக் காய்ந்த கம்பி தடம் மாறிப் பாய்ந்தால் ஆள் காலி. பழைய மேஸ்திரிகள் சொல்வார்கள், “இரும்பு வேலைன்னா ரெண்டு விரல் போகத்தான் செய்யும்” என்று. ரேஸ்காரர்கள் சொல்லும் ‘இயல்பு’தான், லுங்கி கட்டிய ‘இயல்பு’. சட்டம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆலையில் ஒரு சாவு விழுந்தால் தகவல் போக வேண்டும், தகவல் கிடைத்த ஒரு மாதத்துக்குள் விசாரிக்க வேண்டும் என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 88ஆம் பிரிவு எழுதிவைத்தது. 14 வயது நிரம்பாத பிள்ளை ஆலைக்குள் வேலை செய்யவே கூடாது என்றது. கும்மிடிப்பூண்டியில் இது எவ்வளவு நடந்தது என்பது தனிக்கதை. கான்ட்ராக்ட் ஆளின் சாவு எப்படி ‘உடம்பு சரியில்லாமல்’ ஆகும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கேட்பதற்கு ஒரு பிரிவு இருந்தது. விசாரிக்க வருகிற இன்ஸ்பெக்டர் அந்த மில்லின் பங்காளி இல்லை.

ரயில் கவிழ்ந்தால் விசாரிக்கும் பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். தன் விபத்தைத் தானே விசாரிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். விமானம் விழுந்தாலும் விசாரிக்கத் தனிப் பிரிவு உண்டு. ரேஸில்? குமார் இறந்தபோது விசாரணையை அறிவித்தது தேசிய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பும் பந்தயத்தை நடத்திய கிளப்பும்தான். பந்தயத்துக்கு அனுமதி கொடுப்பவரும் நடத்துபவரும் விசாரிப்பவரும் ஒரே குடும்பம். அவர்களுடைய நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. நேர்மையானவரைக்கூடத் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக உட்காரவைக்க மாட்டோம்.

வெளிக்கண் ஒன்று இருந்தால் என்ன நடக்கும் என்பதைச் சென்னை பார்த்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் 31, தீவுத்திடலைச் சுற்றி இரவு ரேஸ். சர்வதேச அமைப்பின் பாதுகாப்புச் சான்று கைக்கு வராமல் கார் ஓடக் கூடாது என்று உயர் நீதிமன்றம் கெடு வைத்தது. அரசின் ஏற்பாடு, கோடிக்கணக்கில் செலவு, டிக்கெட் வாங்கி வந்த கூட்டம், எல்லாம் காத்துக் கிடந்தன. சாயங்காலம் சான்று வந்த பிறகே கார் நகர்ந்தது. நிறுத்த முடியும். நிறுத்தச் சொல்ல ஒருவர் வெளியே இருக்க வேண்டும்.

ஷ்ரேயஸின் சாவுக்கு யார் பொறுப்பு என்று இங்கே நான் தீர்ப்பு எழுதவில்லை. நான் கேட்பது இவ்வளவுதான். டிராக்கில் ஒரு சாவு நேர்ந்தால் கிளப்புக்கும் கூட்டமைப்புக்கும் சம்பந்தமில்லாத பொறியாளரும் மருத்துவரும் விசாரிக்க வேண்டும். அந்த அறிக்கை எந்தப் பெற்றோரும் எடுத்துப் படிக்கும்படி பொதுவில் இருக்க வேண்டும். 14 வயது நிரம்பாதவர்களைச் சின்ன வண்டியோடு கார்ட் டிராக்கில் நிறுத்த வேண்டும். விளையாட்டுத் துறை அமைச்சகம் அங்கீகாரத்தையும் பணத்தையும் கொடுக்கும்போது இந்த நிபந்தனைகளைச் சேர்த்தே கொடுக்கட்டும்.

பிள்ளையை ரேஸில் சேர்க்க நினைக்கும் அப்பா அம்மாவுக்கு: படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த டிராக்கில் கடைசியாக நடந்த சாவின் விசாரணை அறிக்கையைக் காட்டுங்கள் என்பது ஒன்று. அதற்குப் பிறகு இங்கே எதை மாற்றினீர்கள் என்பது இன்னொன்று. ஒழுங்கான பதில் வராவிட்டால் வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.